துக்கக்காரன்

என்னையும் கொன்றுபோட நினைத்தானா, இல்லையா? ஒரு வருஷத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியோடு நான் குடித்தனம் நடத்தினேன். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கினேன், வயிறு நிறையச் சாப்பிட்டேன். கஞ்சியை மட்டும் யார் கையிலும் வாங்கிக் குடிக்கவில்லை.

கொல்லப் பார்த்தவன் விரோதி என்றால் இந்தக் கேள்வியே கிடையாது. தப்பித்தோம் என்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். இவன் எனக்கு விரோதி இல்லை. ஜொகூர் முழுக்கத் தேடினாலும் "சாப்பிட்டீங்களா" என்று என்னைக் கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் இவன்தான். அதனால் உயிர் தப்பியதைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அவன் என்மேல் வைத்தது பிரியமா, அல்லது வெட்டுவதற்கு முன்னால் கிடாவுக்குப் போடும் தழையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள், மலாயா. பாலோவிலிருந்து செம்மண் பாதையில் மாட்டுவண்டி பாதி நாள் ஆடி அசைந்து போனால் ஒரு ரப்பர் தோட்டம் வரும், கித்தா தோட்டம் என்போம். அங்கே நான் கிராணி. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களின் பேரைக் கூப்பிட்டு, பகலெல்லாம் ஆபீசில் எழுதி, துரை சொல்வதைத் தமிழிலும் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்லும் உத்தியோகம். கௌரவமான உத்தியோகம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் கௌரவத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். துரையின் பங்களாவில் எனக்கு உட்கார நாற்காலி கிடையாது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு நான் போனால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவார்கள். ஆக, இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

என் வீடு மேட்டில் தனியாக இருந்தது. சாயங்காலம் ஆனால் கீழே லயத்தில் தாளிக்கும் வாசனை வரும், பிள்ளைகள் அடிபட்டு அழும் சத்தம் வரும், யாராவது யாரையாவது கிண்டல் செய்து சிரிப்பது வரும். ஆள் மட்டும் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி பிடித்துப் பாலோ ஸ்டேஷனுக்குப் போய், சிங்கப்பூர் போகும் ரயில் நின்று கிளம்புவதைப் பார்த்துவிட்டு வருவேன். அந்த ரயிலில் எனக்கு யாரும் வரப்போவதில்லை, நானும் எங்கும் போகப்போவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் "யாரை எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது? "ஒரு சாமான் வரணும்" என்றேன். பாவம், நல்ல மனிதர். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இன்னிக்கும் வரலையே" என்று வருத்தப்பட ஆரம்பித்தார்.

நான் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவன். பெற்றவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது, விடுதிக்காரர்களுக்கும் தெரியாது. கப்பல் ஏறி இந்தச் சீமைக்கு வந்தவனிடம் மற்றவர்கள் முதலில் கேட்பது "ஊர்ல யார் யாரு இருக்காங்க?" என்பதுதான். யாரும் இல்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் ஒருமாதிரி ஆகிவிடும். இரக்கப்படுவார், கொஞ்சம் தள்ளியும் நிற்பார். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஆகவே கப்பலிலேயே எனக்கு ஓர் அக்காவை உண்டாக்கிக்கொண்டேன். திருச்சிராப்பள்ளியில் இருக்கிறாள், புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை, பிள்ளைகள் மூன்று. எவ்வளவு சுலபமாக வந்தாள் தெரியுமா! அதுவரை அவள் இல்லாமல் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த அக்காவைப் பற்றிக் கேட்டு விசாரிக்க எனக்கு ஒரே ஆள்தான் கிடைத்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கஞ்சி காய்ச்சி, நோயாளிகளுக்கு உடம்பு துடைத்துவிட்டு, வாளி தூக்கிக் கொட்டுகிற ஆள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். ஒல்லி, கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. எதைப் பேசினாலும் ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி மெதுவாகப் பேசுவான். மற்றவர்கள் கங்காணியோடு ஊர் ஊராக, சொந்தம் சொந்தமாகச் சேர்ந்து வந்தவர்கள். இவனைக் கங்காணி ஆள் குறைகிறது என்று கடைசி நேரத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் சேர்த்துக்கொண்டாராம். லயத்தில் அவனை யாரும் வெறுத்ததாகவோ ஒதுக்கியதாகவோ எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்குச் சொல்ல மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். பந்தி முடிந்த பிறகு "அட, அவன் வரலையா?" என்பார்கள். சில சமயம் அதையும் கேட்கமாட்டார்கள்.

தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று ஆபீசுக்கு வந்து சொல்வது அவன் வேலை. சொல்லிவிட்டு உடனே போகமாட்டான். ஒரு கித்தாப் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவான். என் எதிரில் உட்கார்ந்த ஒரே தோட்டத்து ஆள் அவன். நானும் எழுந்திரு என்று சொன்னதில்லை.

"அக்கா சௌக்கியமா, கிராணியாரே?"

"சௌக்கியம்."

"பிள்ளைங்க?"

இப்படிக் கேட்டுக் கேட்டு அக்காவின் குடும்பத்தை அவனும் நானும் சேர்ந்து வளர்த்தோம். அத்தானுக்கு மூச்சிரைப்பு வந்தது. மூத்தவள் பெரியவள் ஆனாள். சின்னவன் பலப்பம் தின்கிறான் என்று ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவையாவது "இன்னும் பலப்பம் திங்கிறானா? வேப்பிலை அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்பான். அவன் எழுந்து போன பிறகு அந்தப் பையனைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கும்.

சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வந்த இடத்தில் செத்தவனுக்கு எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும் என்றால் முதலில் துக்கக்காரன் ஒருவன் வேண்டும். மொட்டை போட்டுக் கொள்ளி வைக்க ஆள் வேண்டும். அதைவிட, மற்றவர்கள் வந்து கை நீட்டித் துக்கம் கேட்க ஓர் ஆள் வேண்டும். வருகிற ஆண்கள் ஒவ்வொருவரும் இரண்டு கையையும் நீட்ட, துக்கக்காரன் அதைத் தொட்டு வாங்கிக்கொள்வான். அது நடக்காத சாவு சாவே இல்லை என்பது நம் ஜனங்களின் எண்ணம். தனியாளாக வந்தவன் செத்தால் யாரிடம் போய்க் கை நீட்டுவது? எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். கடைசியில் யார் அவனுக்குக் கஞ்சி ஊற்றினானோ அவனே உறவு. ஒரு நாள் ஊற்றியிருந்தாலும் போதும், தம்பியாகவோ மகனாகவோ நிற்கலாம்.

காய்ச்சலில் ஒரு கிழவர் செத்தபோது பெரிய கங்காணி ஆஸ்பத்திரிக்காரனைப் பார்த்து, "நீதானேடா கஞ்சி ஊத்துன? நீயே நில்லு" என்றார். அவன் நின்றான். லயம் முழுதும் வரிசையாக வந்து அவன் கையைத் தொட்டது. பெரிய கங்காணி தொட்டார், நான் தொட்டேன். பெண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவனைத் தனியாகச் சாப்பிட விடவில்லை, தனியாகப் படுக்கவிடவில்லை, வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டுக்கொண்டு சோறு கொண்டுவந்தார்கள். கருமாதியன்று புதுவேட்டியை அவன் தலையில் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்தின் வழியே போனதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மொட்டைத் தலையோடு போனவனை ஏறிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. அவரவருக்கு அவரவர் வேலை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷங்களில் தனியாட்கள் பலர் அந்த ஆஸ்பத்திரியில் செத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காடு வெட்டிய பூமி, காய்ச்சல் பூமி. சம்சாரிகளும்தான் செத்தார்கள், குழந்தைகளும்தான் செத்தன. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர் மருந்து கொடுத்தார், துரை முகத்தைச் சுளித்தார், எல்லாம் நடந்துகொண்டிருந்தது. துக்கக்காரனாக நிற்பது அந்த ஆஸ்பத்திரிக்காரனுக்கே உரியது என்று ஆகிவிட்டது. "அவனுக்கு இளகுன மனசு" என்று லயத்தில் சொன்னார்கள். நானும் அதையே நினைத்தேன்.

செத்தவர்களில் ஒருவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபது வயசுக்காரன், எங்கிருந்தோ தனியாக வந்தவன். துரை நடப்பதைப் போலவே நடந்து காட்டுவான். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, ஒவ்வொரு மரமாக நின்று முறைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு நாயிடம் இங்கிலீஷில் சண்டை போடுவான். பெரட்டுக்களத்தில் ஒருநாள் அதை நானே பார்த்துவிட்டேன். அதட்ட வேண்டிய நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவன் திரும்பி வரவில்லை. கால் புண்ணில் சாவானா என்று டிரசரும் யோசித்தாராம். புண் உள்ளே போய்விட்டது என்று முடிவு செய்தார்கள்.

எனக்கும் ஒரு மழைக்காலத்தில் கடும் காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே ஆள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் கஞ்சி ஊட்டினான். விடுதியில் வளர்ந்தவனுக்கு அது புதுசு. அதற்கு முன்னால் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டவர் யாராவது இருந்தார்களா என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. குடிக்கக் குடிக்க வாயைத் துடைத்துவிட்டான். "அக்காவுக்குச் சொல்லி விடட்டா?" என்று கேட்டான். வேண்டாம், பயந்துவிடுவாள் என்றேன். பிழைத்து எழுந்தேன்.

இனி அந்தக் கடைசிச் சாவு. நடுவயது ஆள் ஒருவன் காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்களிடம் வேலைக்கு வந்து சேர்ந்தான். ஊரில் யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் சாஆ என்ற ஊரில் அவனுக்குக் கூடப்பிறந்த தம்பி ஒருவன் இருந்தான். அண்ணன் தம்பிக்குள் ஏதோ பெண் விஷயத்தில் மனஸ்தாபம். அந்த வீம்பில் தம்பியையே இல்லை என்று ஆக்கிவிட்டான். ஆஸ்பத்திரியில் அவன் செத்துப்போனான். எப்படியோ சேதி காதுக்கு எட்டி, பாடையைத் தூக்கப் போகும் நேரத்தில் தம்பி வந்து நின்றான். சாப்பிடாமல் கொள்ளாமல் ஓடி வந்தவன், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விழுந்து அழுதான். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. ஆண்கள் அவனிடம் போய்க் கை நீட்ட ஆரம்பித்தார்கள்.

மொட்டை போட்டுக்கொண்டு, கொள்ளிச்சட்டியோடு தயாராக நின்றிருந்த நம் ஆளிடம் இப்போது யாரும் வரவில்லை. தம்பி எழுந்து வந்தான்.

"நான் கூடப் பொறந்தவன். சட்டியக் குடுங்க."

இவன் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான். பெரிய கங்காணி, "குடுத்துரு, அவங்க அவங்க உரிமை" என்று சமாதானமாகச் சொன்னார். இவன் கொடுக்கவில்லை. வாழ்நாளில் குரலை உயர்த்திப் பேசாதவன் அன்று கத்தினான்.

"இவன் என் ஆளு! மலம் மூத்திரம் அள்ளுனது நானு. நீ எங்கடா இருந்த இத்தனை நாளா? நான் இல்லன்னா இவன் இன்னிக்குச் செத்தே இருக்க மாட்டான்டா!"

துக்கத்தில் உளறுகிறான் என்று நாலைந்து பேர் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். தம்பி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டான். "என்ன சொன்ன?" என்றான். இவன் மறுத்திருக்கலாம், மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். "எல்லாரும் என்கிட்டதானே துக்கம் கேக்கணும், என்கிட்டதானே கேக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கால் புண்ணுக்காகப் படுத்தவனின் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தம்பி அங்கிருந்து நேரே பாலோ போலீசுக்கு ஓடினான். பாடை அப்படியே கிடந்தது.

குளுவாங் போலீஸ் ஸ்டேஷனில் விசாரணை. மொழிபெயர்க்க அங்கே அப்போது ஆள் இல்லை என்று எங்கள் துரை என்னை அனுப்பி வைத்தார். இரவல் கொடுத்த மண்வெட்டி மாதிரி போனேன். போலீஸ் துரை என் வயசுக்காரர், வெயிலில் முகம் சிவந்து உரிந்திருக்கும். கொன்றதை அவன் முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டான். கஞ்சியில் எதைக் கலந்தான் என்பதையும் சொன்னான், அதை நான் எழுதப் போவதில்லை. எத்தனை பேர் என்பதில் போலீஸ் ஒன்று சொன்னது, அவன் ஒன்று சொன்னான். அவர்களுக்குத் தேவைப்பட்டது காரணம்.

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். லயத்தில் மாந்திரீகம் என்றார்கள், மண்டை ஓட்டில் மை எடுக்கிறான் என்றார்கள். போலீஸ் துரை முதலில் திருட்டு என்றார். செத்தவர்களிடம் திருட என்ன இருந்தது? பிறகு அபின் என்றார், பிறகு பெண் என்றார். ஒரு சின்னப் போலீஸ்காரன், மாத்தா என்பார்கள், 'அமோக்' என்று சொல்ல, வயசான மலாய்க்காரச் சார்ஜன் சிரித்துவிட்டார். அமோக் பிடித்தவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவான், அன்றோடு எல்லாம் முடிந்துவிடும், வருஷக்கணக்கில் கஞ்சி காய்ச்சமாட்டான் என்றார். டாக்டர் ஒருவர் வந்து அவன் கண்ணைப் பார்த்தார், இன்று என்ன கிழமை என்று கேட்டார், அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிழமை தெரிந்தால் புத்தி தெளிவு. எனக்கு எல்லார் மேலும் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அவனோ ஒளிக்காமல் சொன்னான். ஒரு வாக்கியம் அவன் சொல்ல, ஒரு வாக்கியம் நான் சொல்ல, முதல் வாக்குமூலத்துக்கே இரண்டு நாள் போயிற்று.

"மொத ஆளு தானா செத்தாரு, ஐயா. அது நான் இல்ல. அன்னிக்கு எல்லாரும் என் கையத் தொட்டாங்க. கங்காணி சம்சாரம் 'சாப்புடுப்பா, உடம்பு என்னத்துக்கு ஆகும்'னு சொன்னாங்க. அந்த மாதிரி யாரும் சொன்னது இல்ல. கருமாதி முடிஞ்சதும் எல்லாம் நின்னு போச்சு. இன்னொரு தடவை வருமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வரல. படுத்தவங்க எல்லாம் பொழைச்சு எழுந்திருச்சுப் போயிட்டாங்க."

அவர்கள்மேல் வெறுப்பா என்று போலீஸ் துரை கேட்டார். "வெறுப்பா? அவங்க என்னை என்ன செஞ்சாங்க, வெறுக்குறதுக்கு?" என்றான். செத்த பிறகு வருத்தப்பட்டானா என்று கேட்டார். அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "எப்படி அழுதேன்னு நீங்களே பாத்தீங்களே, கிராணியாரே. சொல்லுங்க அவர்கிட்ட." பார்த்தேன்தான். அந்த அழுகையில் நடிப்பு இல்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். தானே கொன்றுவிட்டு, தானே நெஞ்சடித்து, உண்மையாகவே அழுதிருக்கிறான். இதை இங்கிலீஷில் சொன்னபோது போலீஸ் துரை நான் சரியாகத்தான் மாற்றுகிறேனா என்று இரண்டு தரம் கேட்டார்.

ஒவ்வொரு சாவையும் பற்றிக் கேட்டார்கள். முதலில் கை நீட்டியது யார், யார் யார் வந்தார்கள், எந்த வீட்டிலிருந்து என்ன சோறு வந்தது, எந்தக் கிழவி மயங்கி விழுந்தாள், எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. செத்தவனைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. துரை மாதிரி நடந்து காட்டுவானே, அந்தப் பையனைப் பற்றிக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளன் சொந்தமாகக் கேள்வி கேட்கக்கூடாது, கேட்டுவிட்டேன். "எந்தப் பையன்?" என்றான். கால் புண்ணோடு வந்தானே என்றேன். "ஆமாமா, அன்னிக்கு நல்ல மழை. இருந்தும் லயமே வந்துச்சு" என்றான். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து வெளியே போய், குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதைப் பற்றி யோசிக்கிறேன். தனிமைதான் அவனை அப்படி ஆக்கியது என்று சொல்லிவிட்டால் சுலபம். அந்தத் தோட்டத்தில் தனியாட்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவன் கோழி வளர்த்தான், ஒருவன் கள்ளுக்கடையே கதி என்று கிடந்தான், நான் அக்காவை வளர்த்தேன். அவன் மனதில் மற்ற மனிதர்கள் எல்லாம் தன்னிடம் கை நீட்ட வருகிறவர்களாக மட்டும் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். பாயில் படுத்துக் கிடந்தவனும் ஓர் ஆள், அவனுக்கும் யாராவது 'சாப்புடுப்பா' என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. பிறவியிலேயே தோன்றாதா, பட்ட கஷ்டத்தில் அது மரத்துப் போய்விட்டதா? டாக்டர் கிழமை கேட்டதற்குப் பதிலாக இதைக் கேட்டிருக்கலாம். நான் கேட்டாலும் அவனுக்குப் பதில் தெரிந்திருக்காது.

அவனை ஜொகூர் பாருவில் தூக்கில் போட்டார்கள். நான் போகவில்லை. அதற்கு முன்னால் குளுவாங்கில் விசாரணை முடிந்த அன்று மத்தியானம்தான் அவனைக் கடைசியாகப் பார்த்தது. அந்த விசாரணைக்காக மாதக்கணக்கில் பலமுறை போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் என் கேள்வியைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். அன்று விட்டால் அவனை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போலீஸ் துரையிடம் நானே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன். தலையசைத்தார். அவன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தான், கையில் விலங்கு.

"நான் காய்ச்சலா கெடந்தப்ப நீதானே கஞ்சி ஊத்துன?"

"ஆமா."

"என்னையும் நெனச்சியா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கோயிலில் நின்று கெட்ட வார்த்தை கேட்டுவிட்டவன் மாதிரி முகம் கோணியது.

"என்ன பேச்சு இது, கிராணியாரே? உங்களுக்குத்தான் அக்கா இருக்காங்களே. உங்களுக்கு ஒண்ணுன்னா அவங்கதானே துக்கக்காரங்க. நான் யாரு நடுவுல? உங்ககிட்ட நான் சும்மாதான் வந்தேன். பிள்ளைங்களப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கலாம்னு."

பிரியம்தான். கிடாவுக்குப் போட்ட தழை இல்லை. அதைத்தானே தெரிந்துகொள்ள அலைந்தேன்? தெரிந்துகொண்டு எழுந்து போயிருக்க வேண்டும். முடியவில்லை. பிறக்காத ஒருத்தி என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் பேரில் ஒருவன் என்மேல் ஆசையாக இருந்திருக்கிறான். எனக்கென்று ஒன்றும் இல்லை. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவனுக்கு வலிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"எனக்கு அக்கா கிடையாது. அப்படி ஒருத்தி பொறந்ததே இல்ல. நானே கட்டுன கதை."

அவன் மூன்று விரலை நீட்டிக் காட்டினான்.

"மூணு பிள்ளைங்க?"

"இல்ல."

"சின்னவன்?"

"அவனும் இல்ல. எனக்கு யாருமே இல்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பவிட்டோமே என்று ஒரு நொடியாவது அவன் கண்ணில் தெரியும், அதைப் பார்த்துவிட்டு இவனை ஒரேயடியாக வெறுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. விலங்கு பூட்டிய இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தான் தூக்கில் தொங்கப் போவதை மறந்துவிட்டு எனக்காகப் பயந்தான்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுன்னா, யாருகிட்ட வந்து கேப்பாங்க?"

போலீஸ் துரை பேனாவை எடுத்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கிராணி, அவன் வாளி தூக்குகிறவன், அந்தக் கைகள் என்னவெல்லாம் செய்தன என்பது எல்லாம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"யாருகிட்டயும் இல்லண்ணே" என்றேன்.